ரிசீவர் இடத்தில் இருக்கிறதா?



தொலைபேசி மணி அடித்தால் ரிசீவரை எடுக்கிறோம். பேசி முடித்ததும் வைக்கிறோம். எடுப்பதும் வைப்பதும் நமக்கு ஒரு காரியமாகவே தோன்றுவதில்லை. ஆனால் நாம் ரிசீவரைக் கையில் எடுத்த அந்தக் கணமே, பல மைல் தொலைவில் இருக்கும் தொலைபேசி நிலையத்துக்கு அது தெரிந்துவிடுகிறது. வைத்தாலும் தெரிந்துவிடுகிறது. சரியாக வைக்காமல் மேசைமேல் போட்டுவிட்டுப் போனாலும் தெரிகிறது.

எப்படித் தெரிகிறது? யார் போய்ச் சொன்னார்கள்? அவ்வளவு தெரிந்தும், நம் வீட்டுக்கு வர வேண்டிய சேதி சில வேளைகளில் வந்து சேராமல் போவது ஏன்? இவற்றைத்தான் இன்றைய உரையில் நாம் பார்க்கப் போகிறோம்.

இன்று பெரும்பாலோர் கையில் கைப்பேசி இருக்கிறது. மேசைத் தொலைபேசியைப் பற்றி இன்னும் என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். தோட்ட அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் மருந்தகத்திலும் மேசைத் தொலைபேசி இருக்கத்தான் செய்கிறது. மேடும் பள்ளமுமான தோட்டங்களில் கைப்பேசி அலை எட்டாத லயங்களும் உண்டு. நகரத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒருவரைப் பற்றிய சேதி, அலுவலகத்து மேசைத் தொலைபேசிக்கு வர வேண்டியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து ரிசீவர் ஒரு பேரேட்டின் மேல் சாய்ந்து கிடந்தால் என்ன ஆகும்? அங்கிருந்து கூப்பிடுகிறவருக்கு, யாரோ பேசிக்கொண்டிருப்பதாகவே படும். அவர் மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தம் வேலையைக் கவனிக்கப் போய்விடுவார். ஆகவே இது சிறிய விஷயம் அன்று.

முதலில் தொலைபேசிக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். ரிசீவரை எடுத்தால், அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு சிறு பொத்தானோ இரண்டு பொத்தான்களோ மேலே எழும்பி நிற்பதைக் காணலாம். ரிசீவரின் பாரம் அந்தப் பொத்தானை அமுக்கி வைத்திருக்கிறது. பாரம் நீங்கியதும், உள்ளேயிருக்கும் வில் அதை மேலே தள்ளுகிறது. பொத்தான் மேலே வந்ததும், உள்ளே பிரிந்திருந்த இரண்டு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடுகின்றன. முக்கியமான காரியம் இவ்வளவுதான். ரிசீவர் எடுக்கப்பட்டதைக் கண்டுபிடிக்கும் கருவி இந்தச் சின்ன விசைதான்.

பழங்காலத்துச் சுவர்த் தொலைபேசியில் பொத்தான் கிடையாது. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கொக்கி இருக்கும். கேட்கும் குழாயை அதில் மாட்டித் தொங்கவிட வேண்டும். குழாயின் பாரத்தால் கொக்கி கீழே இறங்கும். குழாயை எடுத்தால் கொக்கி மேலே ஏறும். இன்றைய தொலைபேசியில் கொக்கியே இல்லாவிட்டாலும், பொறியாளர்கள் அந்த விசையைக் கொக்கி விசை என்றுதான் இன்னமும் அழைக்கிறார்கள்.

இனி, இந்தச் செய்தி எப்படித் தொலைபேசி நிலையம் வரை போகிறது என்று பார்ப்போம். செப்புக் கம்பித் தொலைபேசியில், ஒவ்வொரு வீட்டுக்கும் நிலையத்திலிருந்து இரண்டு கம்பிகள் வருகின்றன. நிலையத்தில் பெரிய மின்கலங்கள் இருக்கின்றன. அவை இந்தக் கம்பிகளில் ஏறத்தாழ 50 வோல்ட் அழுத்தத்தை எந்நேரமும் வைத்துக்கொண்டிருக்கும். ரிசீவர் இடத்தில் இருக்கும்போது, நம் வீட்டில் தகடுகள் பிரிந்திருப்பதால், கம்பியில் மின்னோட்டம் போக வழியில்லை. ரிசீவரை எடுத்ததும் தகடுகள் சேர்கின்றன; வழி திறக்கிறது; மின்னோட்டம் ஒரு கம்பி வழியே வந்து மறு கம்பி வழியே திரும்புகிறது. அது மிகச் சிறிய மின்னோட்டம். கைவிளக்கின் பல்புக்குத் தேவையானதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிலையத்தில் நம் கம்பிக்கென்று இருக்கும் கருவிக்கு அது போதும். மின்னோட்டம் வந்தது, ஆகவே இந்த வீட்டில் ரிசீவரை எடுத்துவிட்டார்கள் என்று அது முடிவு செய்கிறது. உடனே 'எண்ணைச் சுழற்றலாம்' என்பதற்கு அடையாளமான அந்த 'ஙொய்' என்ற ஓசையை நம் காதுக்கு அனுப்புகிறது.

தண்ணீர்க் குழாயை எண்ணிப் பாருங்கள். குழாய் மூடியிருக்கும்போதும் உள்ளே தண்ணீரின் அழுத்தம் இருக்கிறது; ஆனால் மீட்டர் சுற்றாது. குழாயைத் திறந்தால் மீட்டர் சுற்றும். மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, வீட்டுக்குள் வராமலேயே குழாய் திறந்திருப்பது தெரியும். தொலைபேசி நிலையம் பார்ப்பதும் இப்படித்தான்.

இந்த ஏற்பாடு தொலைபேசி பிறந்த அன்றே வந்துவிடவில்லை. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி தொலைபேசிக்கு உரிமம் பெற்றார். 1878-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி அமெரிக்காவில் நியூ ஹேவன் என்னும் ஊரில் முதல் வணிகத் தொலைபேசி நிலையம் தொடங்கப்பட்டது. அக்காலத்து நிலையங்களில் ஆட்கள் உட்கார்ந்து, ஒரு கம்பியை இன்னொரு கம்பியோடு கையால் இணைத்தார்கள். பேச விரும்புகிறவர் தம் பெட்டியிலுள்ள கைப்பிடியைச் சுற்றி மணியடித்து அவர்களை அழைப்பார். பேசி முடித்தபின், முடிந்துவிட்டது என்று சொல்ல மறுபடியும் ஒருமுறை சுற்ற வேண்டும். பலர் சுற்ற மறந்துவிடுவார்கள். அப்போது நிலையத்தில் இருப்பவர் நடுவே நுழைந்து, பேசிக்கொண்டிருக்கிறார்களா இல்லையா என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

1890-களில் மின்கலங்களை எல்லாம் நிலையத்திலேயே வைக்கும் முறை பரவியது. அதன்பின் வீட்டில் ரிசீவரை எடுத்தவுடன் நிலையத்துப் பலகையில் ஒரு சிறு விளக்கு எரிந்தது. கைப்பிடி சுற்றும் வேலை ஒழிந்தது. அதே காலத்தில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், ஆள் இல்லாமல் தானே இணைப்புக் கொடுக்கும் இயந்திரத்துக்கு 1891-இல் உரிமம் பெற்றார். அவர் ஈமக் காரியங்களை நடத்திக் கொடுக்கும் தொழில் செய்தவர். அவருடைய முறையில் அமைந்த முதல் நிலையம் 1892 நவம்பர் 3-ஆம் தேதி அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து லா போர்ட் ஊரில் திறக்கப்பட்டது. ஆள் இருந்தவரை, சந்தேகம் வந்தால் "பேசுகிறீர்களா?" என்று கேட்கலாம். இயந்திரத்துக்கு அது முடியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், மின்னோட்டம் இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றே.

சுழற்றும் தட்டு உள்ள பழைய தொலைபேசியைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். எண் 9-ஐச் சுழற்றிவிட்டால், தட்டு திரும்பி வரும்போது அந்த மின்னோட்டத்தை ஒன்பது முறை துண்டித்துத் துண்டித்துச் சேர்க்கும். நிலையம் அதை எண்ணிக்கொள்ளும். சில கடைகளில், பிறர் கூப்பிடாதபடி தட்டுக்குச் சின்னப் பூட்டுப் போட்டிருப்பார்கள். குறும்புக்காரப் பையன்கள் ரிசீவர் வைக்கும் பொத்தானை வேகமாகத் தட்டித் தட்டியே எண்ணை அனுப்பிவிடுவார்கள்! தட்டு துண்டித்தாலும் பையன் துண்டித்தாலும் நிலையத்துக்கு ஒன்றுதான். இதிலிருந்து, அந்த இயந்திரம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பது நமக்கு விளங்குகிறது.

இப்போது ரிசீவர் தவறுதலாக விலகிக் கிடக்கும் நிலைக்கு வருவோம். குழந்தை இழுத்துப் போட்டிருக்கலாம். துடைக்கும்போது சற்று நகர்ந்திருக்கலாம். சுருள் கம்பி முறுக்கிக்கொண்டு ரிசீவரை ஒரு பக்கமாகத் தூக்கியிருக்கலாம். பொத்தான் சற்று எழும்பினாலே போதும். மின்னோட்டம் ஓடத் தொடங்கிவிடும். நிலையம் முதலில் எண்ணுக்குக் காத்திருக்கிறது. எண் ஏதும் வராமல் சில நொடிகள் போனதும், 'ஙொய்' ஓசையை நிறுத்திவிட்டு வேறோர் ஓசையைத் தருகிறது. அதற்கும் பதில் இல்லையென்றால், பல நாடுகளில் மிக உரத்த ஓசை ஒன்றை ரிசீவர் வழியே எழுப்புகிறது. அறையின் மறு மூலையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்பது நோக்கம். பிரிட்டனில் அதற்கு 'ஊளையிடுவது' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1400, 2060, 2450, 2600 என்னும் நான்கு அதிர்வெண்களைச் சேர்த்து, நொடிக்கு ஐந்து முறை விட்டு விட்டு ஒலிக்கச் செய்கிறார்கள். காதுக்கு இனிமையாக இருக்கக் கூடாது என்றே திட்டமிட்டு அமைத்த ஓசை அது.

அந்த ஓசைக்கும் யாரும் வரவில்லை என்றால்? நிலையம் அந்தக் கம்பியை ஒதுக்கி வைத்துவிடுகிறது. ஓசையெல்லாம் நின்று, ரிசீவரில் நிசப்தம் நிலவும். இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு மணி நேரம் கழித்து வந்து, கிடக்கும் ரிசீவரைக் காதில் வைக்கிறவர், ஓசை இல்லையே, தொலைபேசி கெட்டுவிட்டது என்று எண்ணிவிடுவார். கெட்டுப் போகவில்லை. ரிசீவரை ஒழுங்காக வைத்து, சில நொடிகள் பொறுத்து, மறுபடி எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஓசை திரும்பியிருக்கும்.

ஒரு வீட்டு ரிசீவர் கிடந்தால் அந்த வீட்டுக்கு மட்டும்தான் நட்டம். ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் கிடந்தால் ஊருக்கே நட்டம். நிலநடுக்கம் வரும் கலிபோர்னியாவில், நடுக்கம் நின்றதும் செய்ய வேண்டியவை என்று மக்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில், கீழே விழுந்த ரிசீவர்களை எடுத்து இடத்தில் வையுங்கள் என்பதும் ஒன்று. அத்தனை கம்பிகளிலும் ஒரே சமயத்தில் மின்னோட்டம் ஓடினால், எல்லாரும் பேச முற்படுகிறார்கள் என்று நிலையம் நினைத்துத் திணறும். ஆபத்தில் இருப்பவர் உதவிக்குக் கூப்பிட ரிசீவரை எடுத்தாலும், அவருக்கு ஓசை கிடைக்கத் தாமதமாகும்.

இனி, ஒரு சோதனையைச் சொல்கிறோம். தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பில் செய்து காட்டுவது இது. வீட்டில் பிள்ளைகளும் செய்யலாம். கைவிளக்குக்குப் போடும் இரண்டு பேட்டரிகள், ஒரு சிறு பல்பு, பத்துப் பதினைந்து அடி மெல்லிய கம்பி, பால் டின்னிலிருந்து வெட்டிய ஒரு தகடு, ஒரு பலகை, இரண்டு ஆணிகள் இருந்தால் போதும். தகட்டின் ஒரு முனையைப் பலகையில் ஆணியடித்துப் பொருத்துங்கள். மறு முனை வில்போல் மேலே நிற்கட்டும். அந்த முனைக்கு மேலே படும்படி இன்னோர் ஆணியை வளைத்து அடியுங்கள். தகடு தானாக எழும்பி அந்த ஆணியைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். தகட்டிலிருந்து ஒரு கம்பியும் வளைந்த ஆணியிலிருந்து ஒரு கம்பியும் அடுத்த அறைக்குப் போகட்டும். அங்கே பேட்டரியையும் பல்பையும் வரிசையாக இணையுங்கள். பலகை இருக்கும் அறை வீடு. பல்பு இருக்கும் அறை நிலையம்.

தகட்டின்மேல் ஒரு கல்லை வையுங்கள். தகடு கீழே இறங்கும், பல்பு அணையும். கல்லை எடுங்கள், பல்பு எரியும். கல்தான் ரிசீவர். அடுத்த அறையில் ஒரு பிள்ளையை உட்கார வைத்து, பல்பை மட்டும் பார்த்து "எடுத்தாச்சு", "வைத்தாச்சு" என்று சொல்லச் சொல்லுங்கள். ஒரு தடவைகூடத் தவறாமல் சொல்லும்.

இப்போது அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, கல் தகட்டின்மேல் இருக்கும்போதே, நடுவழியில் இரண்டு கம்பிகளின் தோலையும் சற்றுச் சீவி ஒன்றோடொன்று தொட வையுங்கள். பல்பு எரியும். "எடுத்தாச்சு" என்று பிள்ளை சொல்லும். ஆனால் யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது, தொட வைத்ததைப் பிரித்துவிட்டு, கம்பி ஒன்றை நறுக்கிவிடுங்கள். பிறகு கல்லை எடுங்கள், வையுங்கள், எடுங்கள். பிள்ளை "வைத்தாச்சு" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

நேயர்களே, இந்த இரண்டும் நம் தோட்டங்களில் நடக்கக் கூடியவையே. அடைமழையில் கம்பியின் இணைப்புக்குள் தண்ணீர் புகுந்தால், இரண்டு கம்பிகளுக்கும் இடையே மின்னோட்டம் கசியும். ரிசீவர் எடுக்கப்பட்டிருக்கிறது என்று நிலையம் எண்ணிக்கொள்ளும். வெளியிலிருந்து கூப்பிடுகிறவருக்கு, யாரோ பேசிக்கொண்டிருப்பதாக ஓசை கேட்கும். மரம் விழுந்து கம்பி அறுந்தாலும், செப்புக்கு ஆசைப்பட்டு எவனாவது வெட்டிக்கொண்டு போனாலும், கதை வேறு. மின்னோட்டம் இல்லை, ஆகவே ரிசீவர் இடத்தில் இருக்கிறது என்றே நிலையம் கொள்ளும். கூப்பிடுகிறவருக்கு மணி அடிக்கும் ஓசை கேட்கும். அந்த ஓசை நம் வீட்டு மணியிலிருந்து வருவதன்று. நிலையமே அவர் காதுக்கு அனுப்புவது. நம் வீட்டில் மணி அடிக்கவே இல்லை. அவரோ, மணி அடிக்கிறது, வீட்டில் ஆள் இல்லை என்று வைத்துவிடுவார்.

ஆகவே கூப்பிடுகிற நாம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். வயதான தாயாருக்குக் கூப்பிடுகிறோம். இரண்டு மணி நேரமாக 'பேசிக்கொண்டிருக்கிறார்' என்ற ஓசையே வருகிறது. அவர் அவ்வளவு நேரம் பேசுகிறவரா? இல்லையென்றால், ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் இருக்கலாம், கம்பி நனைந்திருக்கலாம், ரிசீவரை எடுத்தவர் பேச முடியாமல் கீழே விழுந்தும் கிடக்கலாம். இந்த மூன்றில் எது என்று நிலையம் சொல்லாது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "அக்கா, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்வதுதான் வழி. காலை, மாலை, இரவு எப்போது கூப்பிட்டாலும் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறதென்றாலும் அப்படியே செய்ய வேண்டும்.

ரிசீவர் எடுக்கப்பட்டதை அறியும் இந்த ஆற்றலை நல்ல காரியத்துக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சில நாட்டுத் தொலைபேசி நிலையங்களில் ஒரு வசதி உண்டு. ரிசீவரை எடுத்து, சில நொடிகள் எந்த எண்ணையும் அழுத்தாமல் இருந்தால், முன்பே குறித்து வைத்த ஓர் எண்ணுக்கு நிலையமே இணைப்புக் கொடுத்துவிடும். கண் தெரியாத பாட்டி, கை நடுங்கும் தாத்தா ஆகியோருக்கு இது பெரிய உதவி. ரிசீவரை எடுத்தால் போதும். மகனுடைய வீட்டில் மணி அடிக்கும்.

தீய காரியத்துக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. பிரிட்டனில் நெடுங்காலமாக, கூப்பிட்டவர் வைத்தால்தான் இணைப்பு உடனே அறும் என்ற ஏற்பாடு இருந்தது. கூப்பிடப்பட்டவர் வைத்தாலும் கொஞ்ச நேரம் இணைப்பு நிற்கும். ஒருவர் மாடியில் வைத்துவிட்டுக் கீழே வந்து வேறு தொலைபேசியில் பேச்சைத் தொடரலாம் என்பதற்கு அது வசதியாக இருந்தது. மோசக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். முதியவர்களைக் கூப்பிட்டு, "உங்கள் வங்கிக் கணக்கில் ஆபத்து, ரிசீவரை வைத்துவிட்டு, வங்கியையே கூப்பிட்டுக் கேளுங்கள்" என்பார்கள். முதியவர் வைத்துவிட்டு மறுபடி எடுப்பார். மோசக்காரன் தன் ரிசீவரை வைக்காததால், பழைய இணைப்பே நிற்கும். முதியவர் வங்கியின் எண்ணை அழுத்துவார். பேசுவதோ அதே கூட்டத்து ஆள்! பலர் பணத்தைப் பறிகொடுத்தபின், 2014-ஆம் ஆண்டு வாக்கில் அங்குள்ள தொலைபேசி நிறுவனங்கள் அந்த நேரத்தைச் சில நொடிகளாகக் குறைத்தன. நம் நாட்டில் மோசக்காரர்களின் வழி வேறாக இருக்கலாம். பணம் கேட்டு வரும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியைக் கேட்பது எங்கும் பொருந்தும் பாதுகாப்பு. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணைக் கூப்பிடலாம். மோசடிகளைக் கவனிக்க 2022-ஆம் ஆண்டில் மலேசியாவில் அமைக்கப்பட்ட தேசிய மையத்தின் எண் அது.

இனி, கம்பியில்லா ரிசீவருக்கு வருவோம். வீட்டுக்குள் எங்கும் எடுத்துக்கொண்டு போகலாம் என்பது அதன் வசதி. எங்கே வைத்தோம் என்று தெரியாமல் போவது அதன் தொல்லை. இதில் பாரமும் பொத்தானும் காவல் காப்பதில்லை. சுவரோரம் இருக்கும் அடிப்பெட்டியும் ரிசீவரும் வானொலி அலையால் ஒன்றோடொன்று தொடர்பு வைத்திருக்கின்றன. பெரும்பாலான அடிப்பெட்டிகளில் ரிசீவரைத் தேடுவதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ரிசீவர் எங்கிருந்தாலும் 'கீங், கீங்' என்று ஒலிக்கும். மெத்தைக்கடியில் கிடந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ரிசீவரின் பேட்டரி தீர்ந்திருந்தால் ஒலிக்காது. ஆகவே இரவில் அதைப் பெட்டியில் கொண்டுபோய் வைப்பது மின்னேற்றத்துக்கு மட்டுமல்ல, மறுநாள் தொலையாமல் இருப்பதற்கும் உதவும்.

கைப்பேசிக்கு வைக்கும் இடமே கிடையாது. அது இருக்கிறதா, இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? காலையில் பெரட்டுக் களத்தில் தண்டல் பேர் கூப்பிடுகிறார் அல்லவா? அதைப்போல, கைப்பேசி குறிப்பிட்ட இடைவேளைகளில் அருகிலுள்ள கோபுரத்துக்கு 'நான் இருக்கிறேன்' என்று தானே பேர் கொடுக்கிறது. முறையாக அணைத்தால், 'போய் வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறது. ஆற்றில் விழுந்தால் சொல்லாமல் போகிறது; அடுத்த முறை பேர் கொடுக்காதபோதுதான், அது இல்லை என்று தெரியவருகிறது.

எடுக்கிறோமா, நகர்த்துகிறோமா என்பதைக் கைப்பேசி தனக்குள்ளேயே அறிகிறது. அதற்குள் மணல் பருக்கை அளவில், சிலிக்கானால் செய்த ஒரு சிறு பாரம் மெல்லிய வில்களில் தொங்குகிறது. கைப்பேசி அசைந்தால் அந்தப் பாரம் சற்றுப் பின்தங்கும். பேருந்து திடீரென்று புறப்பட்டால் நாம் பின்னால் சாய்வது போலத்தான். அந்தச் சாய்வை மின்சாரத்தால் அளந்து, எடுத்துவிட்டார்கள் என்று திரையை எரியவிடுகிறது. காதருகே கொண்டுபோனால், கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பி, அது கன்னத்தில் பட்டுத் திரும்புவதை உணர்ந்து திரையை அணைக்கிறது. கொக்கி செய்த வேலையை இன்று இவை செய்கின்றன.

தொலைந்த கைப்பேசியைத் தேடும் வசதியும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு கூகுள் நிறுவனம் 2013-இல் இதைக் கொண்டுவந்தது. இன்னொரு கைப்பேசியிலிருந்து அந்தக் கணக்கைத் திறந்தால், தொலைந்தது எங்கே இருக்கிறது என்று படத்தில் பார்க்கலாம். ஓசையை அடக்கி வைத்திருந்தாலும், ஐந்து நிமிடம் உரக்க ஒலிக்க வைக்கலாம். ஆனால் இந்த வசதி தொலைவதற்கு முன்பே திறந்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். அலை எட்டாத இடத்திலும் பேட்டரி தீர்ந்தபோதும், கடைசியாக இருந்த இடத்தைத்தான் பெரும்பாலும் காட்டும். இன்னொன்றும் செய்து வையுங்கள். நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மறுபடி சதுரக் குறி என்று அழுத்தினால், 15 இலக்கமுள்ள ஓர் எண் திரையில் தோன்றும். அந்தக் கைப்பேசிக்கே உரிய அடையாள எண் அது. அதை ஒரு தாளில் எழுதி அடையாள அட்டைகளோடு வைத்துக்கொண்டால், களவுபோனால் போலீசில் புகார் கொடுக்கும்போது உதவும். படம் காட்டுகிறதே என்று திருடனைத் தேடித் தனியே போக வேண்டாம்.

கடைசியாக ஒன்று. செப்புக் கம்பியின் இடத்தில் இப்போது பல ஊர்களில் ஒளியிழை வந்துவிட்டது. ஒளியிழை என்பது கண்ணாடி நூல்; அதில் மின்னோட்டம் போகாது. ரிசீவர் எடுக்கப்பட்டதைக் கவனிக்கும் வேலையை, வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கும் சிறு பெட்டியே செய்கிறது. அந்தப் பெட்டிக்கு நம் இடத்து மின்சாரம் வேண்டும். பழைய செப்புத் தொலைபேசிக்கு நிலையத்து மின்கலமே உயிர் கொடுத்ததால், லயத்தில் விளக்கு அணைந்தாலும் தொலைபேசி வேலை செய்தது. ஒளியிழைத் தொலைபேசி, தனி மின்கலம் இல்லாவிட்டால், மின்சாரம் போனதும் ஊமையாகிவிடும். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் தோட்டங்களில் இதை நினைவில் வைத்து, ஒரு கைப்பேசியையாவது மின்னேற்றி வைத்திருக்க வேண்டும். அவசர உதவிக்கு 999 என்ற எண்ணை வீட்டிலுள்ள சிறு பிள்ளைக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

நேயர்களே, கொக்கியிலிருந்து கைப்பேசி வரை எல்லாக் கருவிகளும் ஏதாவது ஒன்றை மட்டுமே பார்க்கின்றன. பாரம் இருக்கிறதா, மின்னோட்டம் ஓடுகிறதா, பேர் கொடுத்ததா, அசைந்ததா என்று பார்த்து, அதற்கேற்ப நடக்கின்றன. ரிசீவரை எடுத்தவர் நலமாக இருக்கிறாரா என்பதை அவை பார்ப்பதில்லை. அதை நாம்தான் பார்க்க வேண்டும். இன்றிரவு படுக்கப் போகும் முன் வீட்டுத் தொலைபேசியை ஒருமுறை எடுத்துக் காதில் வைத்து, ஓசை வருகிறதா என்று கேட்டுவிட்டு, நன்றாக அமர்த்தி வையுங்கள். அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள், கதவைப் பூட்டுமுன் அங்குள்ளதையும் பாருங்கள். தனியே இருக்கும் பெரியவர்களின் எண்ணோடு, அவர்களுடைய அண்டை வீட்டாரின் எண் ஒன்றையும் சேர்த்து எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். நேரத்தோடு வந்து சேரும் ஒரு சேதியால் ஓர் உயிர் பிழைக்கலாம்.